கொசுவலைக்குள் ஒரு பீச் பழம்

1

போன வாரம் எங்கள் ஊர் நாசரேத்திலிருந்து தம்பி போனில் பேசினான். எல்லாருடைய உடம்பையும் விசாரித்து, மழையையும் விசாரித்து முடித்த பிறகு, அமெரிக்காவில் வீட்டைச் சுற்றி அவ்வளவு இடம் கிடக்கிறது என்கிறாயே, அங்கே என்னதான் விளையும் என்று கேட்டான். ஆப்பிள் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் இந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒரு பீச் பழம் விளைந்தது. ஒரே ஒரு பழம்தான். அதன் கதையை நிமிஷக் கணக்கில் காசு ஓடுகிற போனில் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது நியூஜெர்சியில், எடிசனுக்குப் பக்கத்தில். பழைய கம்ப்யூட்டர் புரோகிராம்களில் வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்துவிட்டுப் போன புண்ணியவான்களைத் திட்டிக்கொண்டே, அதை நான்கு இலக்கமாக மாற்றுவது என் வேலை. இரண்டாயிரம் பிறப்பதற்குள் முடித்தாக வேண்டும். மனைவி கிரேஸ் ஒரு பல் டாக்டரின் ஆபீசில் ரிசப்ஷனிஸ்ட். எங்களுக்கு ஒரே மகள் ஜாய்ஸ், பதினாறு வயது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். இரண்டு தரப்புமே அதை விட்டுக்கொடுப்பதில்லை.

இங்கே தோட்டம் என்பது மே மாதத்தில் தொடங்கி அக்டோபரில் பனி விழுந்ததும் முடிந்துபோகிற காரியம். நடுவில் கிடைக்கிற அந்த ஐந்து மாதத்துக்குள் ஒரு வருஷத்து ஆசையையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். ரோஜா என் இலாகா. காலையில் ரயிலுக்கு ஓடுவதற்கு முன், பூவுக்குள் படுத்துத் தின்றுகொண்டிருக்கிற பளபளப்பான வண்டுகளைப் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போடுவேன். வண்டுக்குத் தப்பியது மானுக்கு. மான் என்றால் ஊரில் நாம் அருமையாக நினைக்கிறோம். இங்கே அது விடியற்காலையில் வந்து மொட்டுகளை மட்டும் நிதானமாகத் தின்றுவிட்டு, நம்மையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகும். அதற்கும் மிஞ்சிப் பூக்கிற ரோஜாவை நான் எவ்வளவு கொண்டாடுகிறேன் என்பது தெருவுக்கே தெரியும். காய்கறியும் கனியும் கிரேஸின் இலாகா. அந்த இலாகாவில்தான் பீச் மரம் வருகிறது.

பீச் என்ன பழம் என்று தம்பி கேட்பான். நம்மூர் கொய்யா அளவு இருக்கும். மஞ்சளும் சிவப்புமாக, தோலின் மேல் மெல்லிய ரோமத்தோடு இருக்கும். உள்ளே ஒரே கொட்டை. நன்றாகப் பழுத்ததைக் கடித்தால் முழங்கை வரை சாறு ஒழுகும் என்று ஆபீசில் சொல்லுவார்கள். எங்கள் வீட்டு மரத்துப் பழத்தை நாங்கள் ஆறு வருஷமாகத் தின்று பார்த்ததில்லை.

2

காரணம், கிரேஸின் பொருத்தனை.

இந்த வீட்டை வாங்கிய வருஷம் நர்சரியிலிருந்து அந்தக் கன்றை வாங்கி நட்டோம். அடுத்த ஏப்ரலில் ஜாய்ஸுக்கு வயிற்றுவலி. பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிக்கிறாள் என்று நினைத்தோம். குடல்வால் வெடித்து, சீழ் வயிறெல்லாம் பரவிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவளுக்கு அப்போது பத்து வயது. ஆபரேஷன் முடிந்தும் காய்ச்சல் இறங்கவில்லை. டாக்டர்கள் மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். அந்த மரியாதைதான் என்னைப் பயமுறுத்தியது.

குளித்து உடை மாற்ற வீட்டுக்கு வந்த கிரேஸ், சமையலறை ஜன்னல் வழியாக அந்தக் கன்றைப் பார்த்திருக்கிறாள். இலைகூட வராத குச்சியில் இளஞ்சிவப்பாக நாலைந்து பூ. அங்கேயே முழங்கால்படியிட்டு, பிள்ளையைப் பிழைக்க வைத்தால் இந்த மரத்தின் முதற்பலனை அறுப்பின் பண்டிகையில் அவள் கையாலேயே உமக்குக் காணிக்கையாக வைப்பேன், அதுவரைக்கும் வீட்டில் யாரும் இதில் ஒரு பழம் தின்னமாட்டோம் என்று ஜெபித்திருக்கிறாள். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. ஜாய்ஸ் பிழைத்தாள். அந்த ஆஸ்பத்திரிக்கும் அந்த டாக்டர்களுக்கும் நான் இன்றைக்கும் மனதுக்குள் கும்பிடு போடுகிறேன். ஆனால் மரம்தான் ஏமாற்றியது.

ஒரு வருஷம் பூத்தவுடன் பனி பொழிந்து எல்லாம் கருகியது. ஒரு வருஷம் அணில்கள் ஆளுக்குப் பாதி கடித்துப் போட்டன. இன்னொரு வருஷம் இரண்டு பழம் ஆகஸ்டில் நன்றாகவே பழுத்தன. பண்டிகையோ அக்டோபர் கடைசியில். கிரேஸ் அவற்றைத் துணியில் சுற்றி பிரிட்ஜில் வைத்தாள். அக்டோபரில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் சுருங்கிப் பூஞ்சணம் பூத்துக் கிடந்தன. சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் கொண்டுபோய் வைத்தால் ஆண்டவர் வேண்டாமென்றா சொல்லப்போகிறார் என்று கேட்டேன். பண்டிகையில் என்று சொன்னால் பண்டிகையில்தான் என்றுவிட்டாள். அதற்குப் பிறகு ஜாய்ஸுக்கு ஒரு ஜலதோஷம் வந்தாலும் கிரேஸின் முகம் மாறிப்போகும். பிள்ளையை வாங்கிக்கொண்டு சொன்னதைக் கொடுக்காமல் இருக்கிறோமே என்ற பயம். நான் கம்ப்யூட்டர் படித்தவன், இதெல்லாம் அப்படியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான்.

3

பண்டிகை ஏன் அக்டோபர் கடைசியில் என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஊரில் நம் சபையில் அன்றைக்கு நடப்பதால்.

எங்கள் தமிழ்ச் சபை சின்னது. ஓர் அமெரிக்கக் கோயிலின் ஹாலில், அவர்கள் ஆராதனை முடிந்து காபி குடித்துவிட்டுப் போன பிறகு, மதியம் கூடுவோம். செயலாளர் சாலமோன் சார். ஊரில் எது எந்த ஞாயிற்றுக்கிழமையோ அது இங்கேயும் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என்பது அவர் கொள்கை. எங்களில் யாருக்கும் அது தப்பாகவும் படவில்லை. ஆனால் அக்டோபர் கடைசியில் நியூஜெர்சியில் அறுப்பது என்று எதுவும் பாக்கி இருக்காது. தக்காளிச் செடியெல்லாம் பனியில் கருகித் தலையைத் தொங்கப்போட்டிருக்கும்.

அதனால் என்ன செய்தோம் தெரியுமா? ஓக் ட்ரீ ரோட்டில் இந்தியக் கடைக்குப் போய் வெண்டைக்காயும் தேங்காயும் வாங்கி, ஒட்டியிருந்த விலைச்சீட்டைக் கிழித்துவிட்டுப் பீடத்துக்கு முன்னால் வைத்தோம். சேவல் படைக்கிற வழக்கத்துக்காக ஒருவர் சூப்பர் மார்க்கெட்டின் உறைந்த கோழியைக் கொண்டுவந்தார். அது ஆராதனை முழுதும் தரை விரிப்பில் சொட்டிக்கொண்டே இருந்தது. கடைக்காரனுடைய அறுப்பை ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டு, "உழுததும் விதைத்ததும் நீர் தந்தது" என்று மனமுருகி ஜெபித்தோம். கிரேஸ் மட்டும் எதுவும் கொண்டுவர மாட்டாள். கடையில் வாங்கினது எப்படி அறுப்பாகும் என்பாள். சாலமோன் சாரிடம் தேதியை முன்னால் தள்ளச் சொல்லி ஒவ்வொரு வருஷமும் கேட்டாள். அவர் ஒவ்வொரு வருஷமும் புன்னகைத்தார்.

அந்தப் புன்னகையை இந்த வருஷம் நிறுத்தியவர் அமெரிக்கக் கோயிலின் ஆபீசில் இருக்கிற டோரிஸ் அம்மாள். ஹால் கேட்டுக் கொடுத்த விண்ணப்பத்தில், நிகழ்ச்சி என்ன என்ற இடத்தில் நம் ஆட்கள் வழக்கமாக 'ஆராதனை' என்று எழுதுவார்கள். இந்தத் தடவை புதிதாக வந்த ஒரு தம்பி உண்மை விளம்பியாக, 'ஆராதனையும் ஏலமும்' என்று எழுதிவிட்டான். கோயிலுக்குள் ஏலமா என்று டோரிஸ் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். லாட்டரி போன்றதா, டவுன்ஷிப்பில் லைசென்ஸ் வாங்கியிருக்கிறீர்களா, கோழி என்று கேள்விப்பட்டேனே, உயிரோடு இருக்குமா என்று வரிசையாகக் கேள்வி. நானும் சாலமோன் சாரும் போய் விளக்கினோம். ஒருவர் காணிக்கையாக வைத்த கத்தரிக்காயை இன்னொருவர் கடையில் கிடைக்கிறதைவிட பத்து மடங்கு கொடுத்து எடுப்பார், பணம் கோயிலுக்குப் போகும் என்று சொன்னேன். எதற்குப் பத்து மடங்கு கொடுக்க வேண்டும் என்று கேட்டார். சந்தோஷத்துக்கு என்றேன். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு காலண்டரைப் புரட்டினார். அக்டோபர் கடைசியில் அவர்களுடைய சொந்த பஜார் இருக்கிறது, ஹால் கிடையாது. எல்லாரும் கடற்கரைக்கு விடுமுறை போய்விடுகிற ஆகஸ்ட் நடு ஞாயிறு மட்டும் காலியாக இருக்கிறது, வேண்டுமா வேண்டாமா என்றார்.

சாலமோன் சார் வாயைத் திறப்பதற்கு முன்பே வேண்டும் என்று சொல்லிவிட்டேன். இந்த நாட்டில் நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் பட்டியலில் டோரிஸ் அம்மாளுக்கு நல்ல இடம் உண்டு.

4

இனி மரத்தின் பாடு. மரமும் இந்த வருஷம் பேய்த்தனமாகக் காய்த்தது. மே கடைசியில் ஒவ்வொரு கிளையிலும் பாக்கு அளவில் பிஞ்சுகள். பக்கத்து வீட்டு ஃபிராங்க், இத்தாலிய வம்சத்துக்காரர், வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, இதில் முக்கால்வாசியை இப்போதே பறித்து எறிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் மரம் தாங்காது என்றார். நான் கிரேஸிடம் சொன்னேன். பிஞ்சைப் போய்ப் பறிப்பார்களா என்று அவள் கண் கலங்கிவிட்டது. பிஞ்சு பறிக்கிற கை விளங்காது என்று கேட்டு வளர்ந்தவள். என்னையும் பறிக்க விடவில்லை. ஃபிராங்க் சொன்னது சரி, கிரேஸ் அழுததும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. ஜூலையில் ஒரு புயல்மழைக்குப் பாரம் தாங்காமல் பெரிய கிளை முறிந்து பாதிக் காய்கள் புல்லில் சிதறின. இன்னொரு கிளை மறுவாரம் போயிற்று. கடைசியில் சின்னக் கிளையொன்றில் பத்துப் பன்னிரண்டு காய்கள் நின்றன.

அணில்கள் மீதிக்கு வந்தன. அப்போதுதான் கிரேஸ் கொசுவலையை எடுத்தாள். நாங்கள் முதன்முதல் அமெரிக்கா வந்தபோது பெட்டியில் இரட்டைக் கட்டில் கொசுவலை ஒன்றைச் சுமந்து வந்தோம். இங்கே ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்திருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. பிரிக்காமலே கிடந்த அதை வெட்டி, ஒவ்வொரு காய்க்கும் ஒரு பை தைத்து, காம்போடு சேர்த்துக் கட்டினாள். மரம் பார்ப்பதற்குச் சாத்துக்குடிக் கடை மாதிரி ஆகிவிட்டது. ஃபிராங்க் சிரித்தார். மறுவாரம் தன் தக்காளிக்கு மிச்சத் துணி இருக்குமா என்று கேட்டு வந்தார்.

வலையையும் சில அணில்கள் கிழித்தன. சில காய்கள் வெம்பி விழுந்தன. பண்டிகைக்கு முந்தைய வாரம் ஒரே ஒரு பழம் நல்ல நிறத்தில், ஒரு கீறலும் இல்லாமல் நின்றது. கிரேஸ் காலையும் மாலையும் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். தொடமாட்டாள்.

5

பழம் கிடைத்துவிட்டது, பண்டிகை கிடைத்துவிட்டது. கை கிடைக்கவில்லை.

ஜாய்ஸ் அந்தக் கோடையில் ஓர் ஐஸ்கிரீம் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஞாயிறு மதியம் அவளுக்கு ஷிப்ட். தமிழ்ச் சபைக்கு அவள் வருவது முன்பே குறைந்துபோயிருந்தது. வந்தாலும் கடைசி பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். இந்த ஒரு நாள் லீவு கேட்கச் சொல்லி கிரேஸ் கெஞ்சினாள். உனக்காக வைத்த பொருத்தனை, உன் கையால்தான் கொண்டுபோக வேண்டும் என்றாள். அதற்கு ஜாய்ஸ் சொன்னது என் காதிலேயே நிற்கிறது.

"ஐ டிட்ன்ட் ப்ராமிஸ் எனிதிங், மம்மி. யூ டிட்."

நேர்ந்துகொண்டது நீ, நானில்லை என்கிறாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் என்னை எரிச்சலாக்கியது. உயிரோடு நின்று பேசுகிற பிள்ளையை என்னவென்று கண்டிப்பது? கிரேஸ் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவ அங்கே பாத்திரம் எதுவும் இல்லை.

ஞாயிறு காலை கிரேஸே பழத்தைப் பறித்தாள். ஒரு வெள்ளிக் கிண்ணத்தில், என் ரோஜா இதழ்களைப் பரப்பி அதன்மேல் வைத்தாள். ஜாய்ஸைக் கடையில் இறக்கிவிட்டு நாங்கள் இருவரும் கோயிலுக்குப் போனோம். வழியெல்லாம் கிண்ணம் கிரேஸின் மடியில் இருந்தது. பாதிதான் நிறைவேற்றுகிறேன், பாதியை ஆண்டவர் மன்னிக்க வேண்டும் என்று ஒரு தடவை சொன்னாள்.

6

அந்தப் பண்டிகையைப் பார்த்திருக்க வேண்டும். முதல்முறையாக உண்மையான அறுப்பு. அவரவர் கொல்லைப்புறத்துப் பாகற்காய், பீர்க்கங்காய், மண் ஒட்டிய முள்ளங்கி, வாளி நிறையச் செவ்வந்தி. பச்சை மிளகாய்ச் செடியைத் தொட்டியோடே ஒருவர் தூக்கிவந்தார். சாலமோன் சார்கூட ஒரு சுரைக்காயைக் குழந்தையைப் போல் ஏந்தி வந்தார், தான் வளர்த்ததாம். ஹால் முழுக்கப் பச்சை வாசனை. ஜெபத்தில் "நீர் தந்தது" என்று சொன்னபோது இந்தத் தடவை அது நிஜமாகவே இருந்தது.

ஆராதனை முடிந்து ஏலம். ஏலம் போடுகிறவர் தங்கராஜ் அண்ணாச்சி, ஹாலே அதிரும் குரல். எங்களிடம் சில வழக்கங்கள் உண்டு. வைத்தவரே தன் பொருளை எடுக்கக் கூடாது. எடுத்தவர் விரும்பினால் அதையே மறுபடி காணிக்கையாக மேஜையில் வைக்கலாம், அப்போது அது அவருடைய காணிக்கை. சாலமோன் சாரின் சுரைக்காய் அப்படி மூன்று பேர் கை மாறியது. அதன் பிறகு அண்ணாச்சி எங்கள் பழத்தைத் தூக்கிக் காட்டினார்.

ஒருவர் கேட்டார், இன்னொருவர் ஏற்றினார். கிரேஸின் பொருத்தனை எல்லாருக்கும் தெரியும், அதனால் தாராளமாகவே ஏற்றினார்கள். அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் குரல் இங்கிலீஷில் ஒரு தொகை சொன்னது. திரும்பிப் பார்த்தேன். ஜாய்ஸ். ஐஸ்கிரீம் கடைத் தொப்பியோடு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் கதவருகே நின்றாள். தோழி ஒருத்தி காரில் கொண்டுவந்து விட்டிருக்கிறாள். மதிய இடைவேளையாம்.

அண்ணாச்சிக்கு யார் என்று அடையாளம் தெரிந்துவிட்டது. ஆனாலும் வழக்கத்தை விடுவாரா? கேலிக்காக அவரே தொகையை ஏற்றினார். அவளும் ஏற்றினாள். அவர் மறுபடியும் ஏற்றினார். அவள் பையிலிருந்து சம்பள உறையை எடுத்து உள்ளே ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஆல் ஆஃப் இட்" என்றாள்.  அண்ணாச்சி மெதுவாக, "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று முடித்தார்.

ஜாய்ஸ் நேராக முன்னால் போய்ப் பழத்தை வாங்கினாள். திரும்பி வரவில்லை. மேஜைக்குப் போய், இரண்டு கையாலும் அதை வைத்தாள். பிறகு எங்களைப் பார்த்து, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னாள்.

"மம்மி வச்சது மம்மியோடது. இது நான் வாங்கினது. இப்ப நான் வைக்கேன்."

கிரேஸ் என் முழங்கையைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு வலித்தது. "வச்சிட்டா பாத்தியளா," என்றாள். "அவ கையால வச்சிட்டா." ஆறு வருஷம் அவள் அழாத அழுகையை அங்கே எல்லார் முன்னாலும் அழுதாள். நானும் கண்ணாடியைத் துடைத்தேன். ஆண்டவரே, உமக்கு நன்றி என்று உள்ளுக்குள் திரும்பத் திரும்பச் சொன்னேன். வேறு வார்த்தை வரவில்லை.

இப்போது அது ஜாய்ஸின் காணிக்கை. அண்ணாச்சி மறுபடியும் ஏலம் கூறினார். பொது இடத்தில் வாயே திறக்காத கிரேஸ் கையைத் தூக்கி ஒரு தொகை கேட்டாள். அண்ணாச்சி சுற்றும் முற்றும் பார்த்தார். அத்தனை பேரில் ஒருவரும் ஏற்றவில்லை. சாலமோன் சார் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

இடைவேளை முடியப்போகிறது என்று ஜாய்ஸ் அவசரப்படுத்தினாள். மூன்று பேரும் காருக்கு ஓடினோம். பின் சீட்டில் உட்கார்ந்து, பொருத்தனைதான் தீர்ந்துவிட்டதே என்று கிரேஸ் அந்தப் பழத்தை ஒரு கடி கடித்துவிட்டு மகளிடம் நீட்டினாள். ஜாய்ஸ் ஒரு கடி கடித்து அம்மாவிடம் நீட்டினாள். இரண்டு பேர் முகவாயிலும் சாறு ஒழுகியது. சிக்னலில் நின்றபோது எனக்கும் தரச் சொல்லிக் கையைப் பின்னால் நீட்டினேன். கொட்டையைத்தான் வைத்தார்கள். வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே வண்டியை ஓட்டினேன். ஸ்தோத்திரம், நன்றாகவே இனித்தது.